விடையைக் கேள்வியில் போட்டுப் பார்த்தாயா?



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கணக்கைப் பற்றி எழுதச் சொல்லி டீச்சர் என்னைக் கூப்பிட்டபோது பக்கத்தில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காலாண்டுத் தேர்வில் நான் கணக்கில் வாங்கின மார்க் எல்லாருக்கும் தெரியும். "சரியாப் போடறவளுக்குத் தப்பு எங்க வரும்னு தெரியாது, நீயே எழுது" என்று டீச்சர் சொல்லிவிட்டாங்க. அதனால் எழுதுகிறேன். கையெழுத்து எனக்காகத் தோழி எழுதிக் கொடுத்தது, தப்பு இருந்தால் என்னுடையது.

முதலில் ஒரு விஷயம். புத்தகத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் இங்கே 'க' என்றும் 'ம' என்றும் போடுகிறேன். சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதும்போது எக்ஸும் பெருக்கல் குறியும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. எழுத்து எதுவாக இருந்தால் என்ன, அதற்குள் ஒளிந்திருக்கிற எண் ஒன்றுதானே.

காலாண்டுத் தேர்வில் வந்த ஐந்து மார்க் கணக்கு இது.

(க + 3)/2 − (க − 1)/3 = 4

நான் போட்டது இப்படி:

3(க + 3) − 2(க − 1) = 24
3க + 9 − 2க − 2 = 24
க + 7 = 24
க = 17

அழகாக அடிக்கோடு போட்டு விடையைக் கட்டத்துக்குள் வைத்தேன். தேர்வு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போட்டேன்! ஒருமுறை இந்தக் கணக்கைத் திருப்பியும் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பேப்பர் கைக்கு வந்தபோது சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது. "விடையைக் கேள்வியில் போட்டுப் பார்த்தாயா?"

இல்லை. நான் போட்டுப் பார்க்கவில்லை, படித்துத்தான் பார்த்தேன். இரண்டும் வேற வேற. தப்பு செய்த கண்ணாலேயே திரும்பப் படித்தால் முதலில் எப்படி ஏமாந்தோமோ அப்படியே மறுபடியும் ஏமாறுவோம். −2 ஐ −1 ஆல் பெருக்கினால் +2 என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த இடத்தில் கை −2 என்று எழுதிவிட்டது, கண்ணும் சரியென்று தலையாட்டிவிட்டது.

போட்டுப் பார்ப்பது என்றால் விடையை எடுத்துக்கொண்டு போய் கேள்வியிலேயே வைப்பது. நாம் எழுதின இரண்டாவது வரியிலோ மூன்றாவது வரியிலோ வைக்கக்கூடாது. வினாத்தாளில் அச்சடித்த முதல் வரியில்தான் வைக்கணும். க = 17 என்றால் (17 + 3)/2 என்பது 10. (17 − 1)/3 என்பது 16/3, அதாவது ஐந்தே மூன்றில் ஒன்று. கழித்தால் நாலே மூன்றில் இரண்டு வருகிறது. வர வேண்டியது 4. அவ்வளவுதான், விடை தப்பு. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஓரக்கோடு போட்ட நேரத்தில் இருபது கணக்கு சரிபார்த்திருக்கலாம்.

தப்பென்று தெரிந்துவிட்டது சரி, எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை, எங்கள் வீட்டுத் திண்ணையில்.

எங்கள் அம்மா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாங்க. எட்டாவது வரை படித்ததால் குழுவின் வரவு செலவு நோட்டை அம்மாதான் எழுதுறாங்க. தேர்வு முடிந்த அடுத்த வாரம் நடந்த கூட்டத்தில் கணக்குப் பார்த்தபோது, நோட்டுப்படி பெட்டியில் இருக்க வேண்டியது 2,960 ரூபாய். பெட்டியைத் திறந்து எண்ணினால் 2,220 ரூபாய்தான் இருக்கிறது. மூன்று தடவை எண்ணினார்கள். 740 ரூபாய் இல்லை.

யாரும் அம்மாவை நேராக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு அக்கா (பெயர் வேண்டாம்) "எழுதறவங்களுக்குத்தானே தெரியும்" என்று மெதுவாகச் சொன்னாங்க. மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நோட்டை விளக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே கூட்டினாங்க, கீழிருந்து மேலே கூட்டினாங்க. கூட்டல் சரியாகவே இருந்தது. கடைசியில், "நானே கைக்காசப் போட்டு வெச்சிடறேன்"னு சொன்னாங்க. போட்டால் எடுத்தது உண்மை என்று ஆகிவிடாதா என்று நான் கேட்டேன். அதற்கு அம்மா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலையில் தாத்தா வந்தார். அவர் ரைஸ் மில்லில் பல வருஷம் கணக்கு எழுதினவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு நோட்டைக்கூட வாங்கவில்லை. "வித்தியாசம் எவ்வளவு?" என்றார். 740 என்றேன். விரலில் ஏதோ கூட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்பதால வகுபடல. அப்ப இலக்கம் இடம் மாறல. பாதியாக்கு" என்றார். 370. "நோட்டுல 370 ரூபாய் எங்கயாவது இருக்கான்னு பாரு."

இருந்தது! முந்தின மாதம் 14-ஆம் தேதி. பதிவேடு இரண்டு, முத்திரை மை, ஜெராக்ஸ், மொத்தம் 370 ரூபாய். அது செலவு. ஆனால் எழுதியிருந்தது வரவுப் பக்கத்தில். அம்மா அன்றைக்குச் சேமிப்புப் பணம் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவங்க, அதே வரிசையில் இதையும் எழுதிவிட்டாங்க.

ஏன் பாதி? 370 ரூபாய் பெட்டியிலிருந்து வெளியே போயிருக்கிறது. அதைக் கழிக்காமல் விட்டிருந்தால் நோட்டு 370 அதிகமாகக் காட்டும். இங்கே கழிக்காததோடு நிற்கவில்லை, கூட்டியும் விட்டார்கள். அதனால் இன்னொரு 370. மொத்தம் 740. கழிக்க வேண்டியதைக் கூட்டினால் தப்பு எப்பவும் இரட்டிப்பாகத்தான் தெரியும் என்று தாத்தா சொன்னார். (ஒன்பது விஷயம் என்னவென்றால், 63 என்று எழுத வேண்டியதை 36 என்று எழுதினால் வித்தியாசம் 27 வரும். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். அது தனிக் கட்டுரை, இன்னொரு மாதம்.)

அன்று சாயங்காலம் குழுவில் அந்தப் பக்கத்தைக் காட்டினோம். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாங்க.

இப்போது நம்ம சமன்பாட்டுக்கு வருவோம். அன்று ராத்திரி எனக்கு ஒரு யோசனை. வரவு செலவில் பக்கம் மாறுவதும் சமன்பாட்டில் குறி மாறுவதும் ஒன்றுதானே? சும்மா ஒரு சின்னக் கணக்கை எடுத்து வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.

5க − 7 = 3க + 9

சரியாகப் போட்டால் 2க = 16, க = 8. நான் வேண்டுமென்றே அந்த 7-ஐக் குறி மாற்றாமல் வலப்பக்கம் கொண்டுபோனேன். 2க = 9 − 7 = 2, அதனால் க = 1. இதைக் கேள்வியில் போட்டேன். இடப்பக்கம் 5 − 7 = −2. வலப்பக்கம் 3 + 9 = 12. வித்தியாசம் 14. பாதி 7. நான் தப்புச் செய்த அதே 7!

நம்பிக்கை வரவில்லை. இந்தத் தடவை 3க-வில் தப்புச் செய்தேன். 5க + 3க = 16 என்று போட்டால் க = 2. கேள்வியில் வைத்தால் இடப்பக்கம் 10 − 7 = 3. வலப்பக்கம் 6 + 9 = 15. வித்தியாசம் 12, பாதி 6. கேள்வியில் 6 எங்கேயும் இல்லையே என்று முதலில் விழித்தேன். பிறகுதான் புரிந்தது. க = 2 என்றால் 3க-வின் மதிப்பு 6. குற்றவாளி மாட்டிக்கொண்டது.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "எப்பவும் வருமா, இல்ல உனக்கு மட்டும் வருமா?" என்று கேட்டு என்னைக் கரும்பலகைக்கு அனுப்பிவிட்டாங்க. எனக்கு அங்கே போய் நின்றதும் கை நடுங்கியது. டீச்சர்தான் ஒரு தராசு வரைந்து காப்பாற்றினாங்க. சமன்பாடு என்பது தராசு. நாம் ஒரு எடைக்கல்லைத் தெரியாமல் தப்பான தட்டில் வைத்துவிட்டோம். அது தெரியாமலே முள்ளை நடுவில் நிறுத்தி ஒரு விடையும் கண்டுபிடித்துவிட்டோம். இப்போது உண்மையான கேள்விக்குப் போகிறோம். தப்பான தட்டிலிருந்து கல்லை எடுக்கிறோம், ஒரு கல் அளவுக்குத் தராசு சாய்கிறது. எடுத்த கல்லைச் சரியான தட்டில் வைக்கிறோம், இன்னொரு கல் அளவுக்குச் சாய்கிறது. ஆகமொத்தம் இரண்டு கல். அதனால்தான் பாதி.

"பக்கம் மாறினா குறி மாறும்" என்று நாம் பாட்டு மாதிரி பாடுகிறோமே, எனக்கு அந்தப் பாட்டின் மேலேயே சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான். எண் எங்கேயும் நடந்து போவதில்லை. இரண்டு தட்டிலும் 7-ஐக் கூட்டுகிறோம். இடப்பக்கத்தில் −7-உம் +7-உம் சேர்ந்து காணாமல் போகிறது, வலப்பக்கத்தில் +7 நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு நடந்து போன மாதிரி தெரிகிறது. ஒரு வாரமாக நான் பாட்டை விட்டுவிட்டு "இரண்டு பக்கமும் 7 கூட்ட" என்று வரி எழுதிப் போடுகிறேன். நேரம் கொஞ்சம் அதிகம் ஆகிறது, ஆனால் தப்பு குறைந்திருக்கிறது.

என்னுடைய ஐந்து மார்க் கணக்குக்கு வருகிறேன். அதில் பாதியாக்கும் வழி நேராக வேலை செய்யவில்லை. வித்தியாசம் மூன்றில் இரண்டு. பாதி மூன்றில் ஒன்று. அப்படி எந்த உறுப்பும் இல்லை. ஏனென்றால் நடுவில் 6-ஆல் பெருக்கியிருக்கிறேன். அதனால் வித்தியாசத்தையும் 6-ஆல் பெருக்கணும். 4 வருகிறது, பாதி 2. அந்த −2 தான்.

இதற்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தப்பான விடையைத் தூக்கி எறியாமல் கீழிருந்து மேலே ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டே போவது. க = 17.

நாலாவது வரி, க + 7 = 24. 17 + 7 = 24, சரி.
மூன்றாவது வரி, 3க + 9 − 2க − 2. 51 + 9 − 34 − 2 = 24, சரி.
இரண்டாவது வரி, 3(க + 3) − 2(க − 1). 60 − 32 = 28. 24 இல்லை!

அப்படியானால் இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில்தான் கை வழுக்கியிருக்கிறது. வழுக்கின இடத்துக்குக் கீழே இருக்கிற வரிகள் எல்லாம் தப்பான விடைக்கு ஒத்துப்போகும், மேலே இருக்கிறவை ஒத்துப்போகாது. குறிப் பிழைக்கு மட்டும் இல்லை, ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்று வாய்ப்பாடு தப்பாகப் போட்டாலும் இந்த வழி காட்டிக்கொடுக்கும். பாதியாக்கும் வழி அதற்கு உதவாது. ஒரே கணக்கில் இரண்டு இடத்தில் குறி தப்பினாலும் அது குழப்பிவிடும். அப்போது கீழிருந்து மேலே ஏறுவதுதான் ஒரே வழி.

சரியான விடை 13. (13 + 3)/2 = 8, (13 − 1)/3 = 4, கழித்தால் 4. பின்னத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், மேலே இருக்கிற தொகுதி முழுவதும் ஒரு அடைப்புக்குறிக்குள் இருக்கிற மாதிரி. அந்தக் கோடு அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. நமக்குத்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரிபார்ப்பதிலேயே தப்பு வரும், அதையும் சொல்லணும். என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு நடந்தது இது. கணக்கு 4 − 3க = 19. அவள் க = −5 என்று சரியாகவே கண்டுபிடித்தாள். பிறகு நல்ல பிள்ளையாகச் சரிபார்க்கப் போனாள். 4 − 3 −5 என்று எழுதினாள். −4 வந்தது. ஐயையோ என்று சரியான விடையை ரப்பர் வைத்து அழித்துவிட்டு 5 என்று எழுதிவிட்டாள்! குறை எண்ணைப் போடும்போது அதை அடைப்புக்குறிக்குள் போடணும். 4 − 3(−5) = 4 + 15 = 19. வர்க்கம் வந்தால் இன்னும் கவனம் வேணும். க = −3 என்றால் க-வின் வர்க்கம் (−3)(−3) = 9. மைனஸ் ஒன்பது இல்லை. அவள் அன்று அழுதாள். சரிபார்க்காமல் இருந்திருந்தாலே மார்க் வந்திருக்கும் என்று சொன்னாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

குறையையும் குறையையும் பெருக்கினால் ஏன் மிகை என்று ஏழாம் வகுப்புத் தம்பிகள் கேட்பார்கள். எனக்குத் தாத்தா நோட்டுதான் ஞாபகம் வருகிறது. குறை எண் என்பது கடன். உனக்கு ஐந்து ரூபாய்க் கடன் மூன்று இருக்கிறது. மூன்றையும் ஒருத்தர் தள்ளுபடி செய்துவிட்டார். நீ 15 ரூபாய் லாபம். கடனை எடுத்துவிடுவது வரவு. இதை நான் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னபோது, கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலிலேயே இது இருக்கிறது என்று சொல்லி என் பெருமையைக் குறைத்துவிட்டாங்க. மிகை எண்ணுக்கு அவர் வைத்த பெயர் தனம், குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன். கடனும் கடனும் பெருக்கினால் தனம் என்று விதி எழுதியிருக்கிறார்.

இன்னொரு பழைய நூலைப் பற்றியும் சொன்னாங்க. 1881-இல் பெஷாவருக்குப் பக்கத்தில் பக்ஷாலி என்ற ஊரில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சுவடி கிடைத்தது. அந்த ஊர் இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பனையோலை மாதிரி இல்லாமல், பூர்ஜ மரப்பட்டையில் எழுதினது. இப்போது இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் கணக்குப் போட்டு விடை சொன்னதோடு நிற்காமல், விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தும் காட்டியிருக்கிறார்கள். சரிபார்ப்பதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அத்தனை காலத்துக்கு முன்னால் மரப்பட்டையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நமக்கு விடைத்தாளில் இடம் இல்லையாம்! இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சுவடியில் குறை எண்ணைக் காட்ட எண்ணுக்குப் பின்னால் போட்டிருக்கிற குறி நம்முடைய கூட்டல் குறி மாதிரியே இருக்கும். அதை நான் படித்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டி வைத்திருப்பேன்.

இரண்டு மாறி வரும் கணக்குகளில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் கவனிக்கவும்.

3க + 2ம = 12
3க − 4ம = −6

மேலிருந்து கீழ் வரியைக் கழித்தால் 3க போய்விடும். 2ம-விலிருந்து −4ம-வைக் கழித்தால் 6ம. வலப்பக்கம் 18. அதனால் ம = 3, க = 2. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 2ம − 4ம என்று போட்டு −2ம = 18, ம = −9 என்று எழுதினார்கள். அதை முதல் சமன்பாட்டில் வைத்து 3க − 18 = 12, க = 10. பிறகு அதே முதல் சமன்பாட்டில் சரிபார்த்தார்கள். 30 − 18 = 12. சரி வருகிறது!

வராமல் எப்படி இருக்கும்? க = 10 என்று கண்டுபிடித்ததே அந்தச் சமன்பாட்டிலிருந்துதானே. சாட்சியே நீதிபதியாக உட்கார்ந்த மாதிரி. இரண்டாவது சமன்பாட்டில் வைத்தால் 30 + 36 = 66. வர வேண்டியது −6. ஆக, எந்தச் சமன்பாட்டைக் கடைசியில் பயன்படுத்தவில்லையோ அதில்தான் முதலில் வைத்துப் பார்க்கணும். இங்கேயும் பாதியாக்கிப் பாருங்கள். 66-க்கும் −6-க்கும் வித்தியாசம் 72. பாதி 36. ம = −9 என்றால் 4ம-வின் அளவு 36. குறி தப்பின உறுப்பு தானாகவே முன்னால் வந்து நிற்கிறது.

கடைசியாக வாக்கியக் கணக்கு. இதில் சமன்பாட்டிலேயே வைத்துச் சரிபார்த்தால் போதாது. "ஓர் எண்ணின் இரு மடங்கு, அந்த எண்ணுடன் 9 கூட்டியதைவிட 4 குறைவு" என்று கேள்வி. குறைவு என்ற சொல்லைப் பார்த்ததும் நான் 2க − 4 = க + 9 என்று எழுதினேன். க = 13. சமன்பாட்டில் வைத்தால் 22 = 22. ரொம்பச் சரி! ஆனால் வாக்கியத்தில் வைத்துப் படித்தால், 13-இன் இரு மடங்கு 26. 13-உம் 9-உம் 22. 26 எப்படி 22-ஐவிட 4 குறைவாகும்? 4 அதிகம் அல்லவா. சரியான சமன்பாடு 2க = க + 9 − 4, விடை 5. பத்து, பதினாலைவிட 4 குறைவு. ஏற்கெனவே குறைவாக இருப்பதிலிருந்து நான் இன்னும் குறைத்துவிட்டேன். இங்கே தப்பு நடந்தது சமன்பாடு எழுதுவதற்கு முன்னாலேயே, அதனால் சமன்பாட்டுக்கு அது தெரியாது. கேள்வித்தாளின் தமிழுக்குத்தான் தெரியும். வயதுக் கணக்கில் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. "ஐந்து ஆண்டுகளுக்கு முன்" என்பதற்கு +5 போட்டால் சில சமயம் மகளின் வயது −15 என்று வந்து நிற்கும். அது யாருக்கும் தெரிந்துவிடும்.

அம்மா இப்போது மாதக் கூட்டத்துக்கு முந்தின நாளே பெட்டியை எண்ணி நோட்டோடு வைத்துப் பார்க்கிறாங்க. நோட்டில் வரவுப் பக்கத்துக்குப் பச்சை, செலவுப் பக்கத்துக்குச் சிவப்பு என்று நான்தான் ஓரத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஓரக்கோடு போட்ட அனுபவம் அதற்காவது உதவியது.

உங்களுக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். கீழே ஒருத்தி போட்டிருக்கிறாள். விடை தப்பு. எந்த வரியில் வழுக்கினாள் என்று கண்டுபிடியுங்கள். புதிதாகப் போட்டுப் பார்க்காமல், அவளுடைய விடையை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

4(க − 3) − 3(2க − 5) = 11
4க − 12 − 6க + 15 = 11
−2க + 3 = 11
−2க = 14
க = −7

குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் போட மறந்துவிடாதீர்கள். துண்டுத்தாளில் பெயரும் வகுப்பும் எழுதி, சுவர் இதழுக்குக் கீழே இருக்கிற அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். விடை அடுத்த மாதத் தாளில்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி